அக்கா விழுங்கிய ‘இன்னும்’

அத்தியாயம் 19

வீடு மாற்றித் தரும் கம்பெனியிலிருந்து சாமான்களைப் பட்டியல் எடுக்கிறவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். சின்னவள் காலை ஐந்தரைக்கே எழுந்து தயாராகிவிட்டாள். பட்டியல்காரருக்காக இல்லை, அக்காவுக்காக.

அக்காவிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் மனப்பாடமாக இருந்தது. பல் தேய்க்கும்போது ஒரு முறை, பால் காய்ச்சும்போது ஒரு முறை, மகளுக்குத் தலை வாரும்போது உதடு மட்டும் அசைய ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“யாரைம்மா திட்டறே?” என்றாள் மகள். பதினோரு வயதுக்குக் காதும் வாயும் கொஞ்சம் அதிகம் என்பதால் வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்றே பெயர்.

“யாரையும் இல்லை. நேரா நில்லு.”

வாக்கியம் இதுதான்: “அப்பாவை இனிமே நீதான் பார்த்துக்கணும். நாங்க பதினஞ்சாம் தேதி கிளம்பறோம்.” இடையில் ஒரு மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும். அந்த மூச்சில் அக்காவின் முகம் மாறுவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும். மூன்று வாரமாக அவள் வீட்டைக் காலி செய்யும் வேலைகளையெல்லாம் செய்துகொண்டிருந்தது படிப்புக்காக என்று ஊர் நினைத்தது. பாதி படிப்புக்காகத்தான். மீதிப் பாதி இந்த மூச்சுக்காக.

சீட் கிடைத்ததையும், நுண்ணுயிரியல் முதுகலை வகுப்பில் முப்பத்தொன்பது வயதில் உட்காரப் போகிறோம் என்று அவள் வேலை செய்யும் பரிசோதனைக்கூடத்தின் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நின்று அழுததையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். அந்தப் பல்கலைக்கழகம் இங்கிருந்து ரயிலில் இரண்டு பகல், ஓர் இரவு. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இங்கே வேலையை ராஜினாமா செய்துவிட்டு அங்கே ஒரு கம்பெனியில் சேர்ந்து, வீடும் பார்த்துவிட்டான். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் பார்த்த வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாணவர் குடும்பங்களுக்கான குடியிருப்பு, அதில் அது ஒன்றுதான் காலி. இதைச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அப்பாவுக்கு மூன்று படி ஏறுவதே பெரும்பாடு. மூன்று மாடி என்பது பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே அப்பா வரவில்லை. அப்பா அக்காவிடம் போகிறார். இந்த விஷயம் அக்காவுக்கு மட்டும் தெரியாது.

பட்டியல்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கையில் அட்டையும் பென்சிலுமாக அறை அறையாக நடந்தார். அவருக்கு உலகத்தில் இரண்டே ஜாதிப் பொருள்கள்தான்.

“சோஃபா?”

“வருது.”

“மேல இருக்கிற ஃபேன்?”

“வரலை. அது வீட்டுக்காரரோடது.”

“புத்தக அலமாரி?”

“வருது. புத்தகமும்.”

“புத்தகத்தைச் சின்னப் பெட்டியில போடுங்க மேடம். பெரிய பெட்டியில போட்டா எங்க ஆளுங்க உங்களைத்தான் திட்டுவாங்க.” அட்டையில் ஒரு கோடு கிழித்தார். “ஒரு குடும்பம்னா நாப்பது பெட்டி. அதுக்கு மேல போறது எல்லாம் குப்பைதான். யாரும் ஒத்துக்க மாட்டாங்க.”

கடைசியாக அப்பாவின் அறை. அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கோர்ட்டில் தட்டச்சு செய்தவர். இப்போதும் பேப்பரில் எழுத்துப்பிழை கண்டால் பேனாவால் சுழித்து வைப்பார்.

“இந்தக் கட்டில்?”

“வரலை,” என்றாள் சின்னவள்.

“வாக்கர்?”

“வரலை.”

“சக்கர நாற்காலி?”

“அதுவும் வரலை.”

பட்டியல்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு, நாற்காலியில் இருந்தவரை ஒரு முறை பார்த்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்தார்.

“நானும் வரலைப்பா,” என்றார் அப்பா, பேப்பரை இறக்காமல். “டிக் பண்ணிக்கோ.”

பட்டியல்காரர் போன பிறகும் அந்த வார்த்தை சின்னவளின் வாயிலேயே இருந்தது. வரலை. எத்தனை சுலபமான சொல். அந்தச் சொல்தான் பதினாறு வருடத்துக்கு முன் அவள் வாழ்க்கையைத் தின்றது.

அப்போது அவளுக்கு இருபத்துமூன்று. அம்மா போய் எட்டு மாதம். அப்பா சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், ஹாலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். அவளுக்கு இதே படிப்புக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து இடம் வந்தது. சேர்வதற்கான சான்றிதழ்களை நகல் எடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். போன நேரத்தில் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு போன். எடுத்தது அக்கா.

“வர்றாங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

“அவ வரலை,” என்றிருக்கிறாள் அக்கா.

அவ்வளவுதான். இடம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. நகல்களோடு வீட்டுக்கு வந்தவளிடம் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “நீ இன்னும் வீட்டுக்கு வரலைன்னுதான்டி சொன்னேன். அந்த ஆளு நீ படிக்க வரலைன்னு எடுத்துக்கிட்டான். ‘இன்னும்’னு ஒரு வார்த்தை விட்டுப் போச்சு.”

சின்னவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, கூடப் பிறந்தவள் ஆயிற்றே. மூன்று நாள் அழுதாள், நாலாம் நாள் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மற்றவர்கள் ரத்தத்துக்கு லேபிள் ஒட்டத் தொடங்கினாள்.

ஆனால் அடுத்த வருடமே அக்கா வெளியூரில் வேலை கிடைத்தது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாளே, அன்றைக்குத்தான் சின்னவளுக்குள் ஏதோ கறுக்கத் தொடங்கியது. அப்பாவோடு யார் மாட்டிக்கொள்வது என்பதுதான் அன்றைய கேள்வியாக இருந்திருக்கிறது. ‘இன்னும்’ தானாக விட்டுப்போகவில்லை. அக்கா விழுங்கியிருக்கிறாள்.

நிரூபிக்க முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல். கேட்டால் அக்கா கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, “என்னைப் பத்தி அப்படியாடி நினைக்கிறே?” என்பாள். அந்தக் கண்ணீரைத் துடைக்கிற வேலையும் சின்னவள் தலையில்தான் விழும்.

நாலு வருடத்துக்கு முன் அக்கா இதே ஊருக்குத் திரும்பி வந்தாள். ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, எண்ணி அடுக்குகிற வேலை. கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தங்கியிருப்பது வேலைக்குப் போகிற பெண்களுக்கான விடுதியில், ஓர் அறைக்கு மூன்று கட்டில். ஆண்பிள்ளை, பெற்ற தகப்பனே ஆனாலும், வாசல் தாண்டக் கூடாது. அப்பா விழுந்தபோதுகூட, “நான் எங்கடி வச்சுப்பேன்?” என்று கையை விரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழத்தோடு வருவாள், அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டுப் போவாள். நகம் வெட்டுவதற்குப் பேர் பார்த்துக்கொள்வதா?

இப்போது வச்சுக்கட்டும். இரண்டு வாரத்தில் வீடு தேடி, ஆள் தேடி, தெருத் தெருவாக அலையட்டும். அலைந்தால்தான் தெரியும்.

பதினொன்று நாற்பதுக்குச் சின்னவளின் செல்போன் அடித்தது. தெரியாத எண்.

“வணக்கம்மா. உங்க அக்கா நம்பருக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப்னு வருது. விண்ணப்பத்துல ரெண்டாவது நம்பரா உங்க நம்பரைக் கொடுத்திருக்காங்க.” அவசரமான பெண் குரல், பின்னால் யாரோ ஃபைல் தேடுகிற சத்தம். “கல்லூரி மாணவிகள் விடுதியிலிருந்து பேசறேன். வார்டன் வேலைக்கு அவங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம். பன்னிரண்டு மணிக்குள்ள சம்மதம் சொல்லணும், இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவங்க வர்றாங்களாம்மா?”

சின்னவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

வார்டன் வேலை. விடுதிகளில் வார்டனுக்கு அங்கேயே ஜாகை. ஆக அக்கா மறுபடியும் நைசாகக் கழன்றுகொள்ளப் பார்க்கிறாள். ‘ஒரு விஷயம் சொல்லணும், சனிக்கிழமை வர்றேன்’ என்று சொன்னாளே, விஷயம் இதுதானா? தான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, “எனக்கு வேலை மாத்தலாயிடுச்சு, அப்பாவை நீயே பார்த்துக்கோ,” என்று கைகழுவிவிட்டுப் போகிற திட்டமா?

“ஹலோ? கேக்குதாம்மா? வர்றாங்களா?”

பதினாறு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இப்போது அவளிடமே வந்து நிற்கிறது. பதில் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

“அவங்க வரலை.”

“வரலையா?”

“வரலை.”

“சரிங்கம்மா.” போன் வைக்கப்பட்டது.

பொய்யும் இல்லை. அக்கா பன்னிரண்டரைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது மணி பதினொன்று நாற்பத்திரண்டு. அவள் வரலைதான்.

சின்னவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் மானம் இல்லாத சந்தோஷம். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

“யாரும்மா போன்ல?” அறையிலிருந்து அப்பா.

“அக்காவைக் கேட்டாங்க.”

“நீ ‘இன்னும்’னு சொல்லலியே.”

டம்ளர் கையிலேயே நின்றது. அவள் அறை வாசலுக்குப் போனாள். அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்திருந்தார். சாட்சிக் கூண்டில் நின்றவர்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் முப்பது வருடம் தட்டினவர் காது அது.

“சொல்லலை,” என்றாள்.

“திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிடும்மா. ஒரு சொல் விட்டா கேஸே மாறிடும்.”

“இதைப் பதினாறு வருஷத்துக்கு முன்னாடி அக்காகிட்ட சொல்லியிருக்கணும்ப்பா நீங்க.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். சின்னவள் அங்கே நிற்காமல் வாலுவின் புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் அடுக்கப் போய்விட்டாள். பன்னிரண்டு மணி ஆனது. அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுக்குவதைத் தொடர்ந்தாள்.

அக்கா பன்னிரண்டு இருபதுக்கே வந்துவிட்டாள். பஸ்ஸில் நின்றே வந்தவள் போல முகமெல்லாம் வேர்வை. தோள்பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, “எப்படிடி இருக்கே?” என்றுகூடக் கேட்காமல் நேரே அப்பாவின் அறைக்குள் போனாள்.

சின்னவள் பின்னாலேயே போனாள். வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அக்கா பையிலிருந்து ஒரு தையல்காரர் டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்துகொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“இருடி. ஆறடி நாலு அங்குலம்… அகலம் மூணு. சரியா வரும்.” உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். “அப்பா, கொஞ்சம் காலை நகர்த்துங்க. அந்த நாற்காலிச் சக்கரத்தையும் அளக்கணும். கதவுக்குள்ள போகணுமே.”

“அக்கா.” சின்னவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “அப்பாவை இனிமே நீதான் பார்த்துக்கணும்.” சொல்லி ஒரு மூச்சு விட்டாள். “நாங்க பதினஞ்சாம் தேதி கிளம்பறோம்.”

அக்கா குனிந்தபடியே சக்கரத்தை அளந்தாள்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும். வாலு மூணு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா. பெரியம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு நீ சொன்னியாம், அதையும் சேர்த்துச் சொன்னா.” அக்கா நிமிர்ந்து சிரித்தாள். “மூணாவது மாடியாமே. உன் புருஷனை நாலு சாத்து சாத்தணும்.”

மூன்று வாரமாகத் தீட்டி வைத்த வாக்கியம் மொட்டையாகக் கீழே விழுந்தது. சின்னவளுக்கு அழுகை வரும் போலவும் யாரையாவது அறைய வேண்டும் போலவும் இருந்தது.

“அப்புறம் ஏன் சும்மா இருந்தே?”

“சும்மாவா இருந்தேன்? அலையா அலைஞ்சேன். அப்பாவை வச்சுக்க எனக்கு இடம் வேணுமே. எந்த வீட்டுக்காரனும் தனிப் பொம்பளைக்குத் தரமாட்டேங்கறான். தந்தாலும் மாடி. அப்புறம்தான் இந்த வேலை கண்ணுல பட்டுச்சு. காலேஜ் பொண்ணுங்க ஹாஸ்டல்ல வார்டன். தரைத்தளத்துல ரெண்டு ரூம், தனி வாசல், ஒரு படிகூடக் கிடையாது. பெத்தவங்க ஒருத்தரைக் கூட வச்சுக்கலாம்னு விதியிலேயே இருக்கு. படிச்சுப் படிச்சுப் பார்த்தேன்.”

சின்னவள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே அவளைப் பார்க்காமல் பேசினாள். “இன்னொண்ணு சொல்லணும். அதுக்குத்தான் நேர்ல வந்தேன். அப்பா, நீங்களும் கேளுங்க.”

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு அந்த ஆபீஸ்காரர் தெளிவாத்தான் கேட்டார். ‘உங்க தங்கச்சி சேர்றதுக்கு வர்றாங்களா, இடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கவா’ன்னு. நான் புரிஞ்சுதான் வரலைன்னு சொன்னேன். நீ போயிட்டா இந்த மனுஷனோட இந்த வீட்டுல நான் தனியா மாட்டிக்குவேன்னு பயந்துட்டேன். ‘இன்னும்’ விட்டுப் போச்சுங்கறது நீ வீட்டுக்குள்ள நுழையறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி நான் கட்டின கதை. அதைச் சொல்லாம உன்னை ரயில் ஏத்தக் கூடாதுன்னு இருந்துச்சு. நீ என்னைத் திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. இந்தத் தடவை நீ போயிடணும். அப்பாவை நான் பார்த்துக்கறேன்.”

பதினாறு வருடமாகச் சின்னவள் இந்த வாக்குமூலத்துக்காகக் காத்திருந்தாள். வந்தால் எப்படிக் கத்துவது, எந்தப் பாத்திரத்தை எடுத்து வீசுவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இப்போது வந்துவிட்டது. அவள் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள்.

“இன்னிக்குள்ள சொல்றேன்னாங்க,” என்றாள் அக்கா, குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு. “என் போன் செத்துப் போச்சு, காலையிலேருந்து சார்ஜ் ஏறலை. உன் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். கூப்பிட்டாங்களா?”

அப்பா திரும்பிச் சின்னவளைப் பார்த்தார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். விடுதிக்காரர்கள் ஆளை மாற்றிவிட்டார்கள், நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று முடிந்துவிடும். அப்பா காட்டிக்கொடுக்க மாட்டார். அன்றைக்கு ஹாலில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், இத்தனை வருடம் பெரியவளைக் காட்டிக்கொடுத்தாரா என்ன?

“கூப்பிட்டாங்க,” என்றாள் சின்னவள். “வர்றாங்களான்னு கேட்டாங்க.”

“நீ?”

“வரலைன்னு சொன்னேன்.”

அக்கா ஒரு கணம் விழித்தாள். பிறகு தலையில் லேசாகத் தட்டிக்கொண்டாள். “அடக் கடவுளே! நான் இன்னும் இங்க வந்து சேரலைன்னு நீ சொல்லியிருப்பே. அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்களா? பரவால்லடி, உன் தப்பு இல்லை. விளக்கிச் சொன்னாப் போச்சு, போனைக் கொடு.”

அக்கா கட்டிய அதே கதை. இப்போது அவளே அதைத் தங்கையின் கையில் வைத்து மூடுகிறாள். வாங்கிக்கொண்டால் போதும்.

ஆனால் யார் செய்தது என்று எதிராளிக்குத் தெரியாமல் போனால் அது என்ன பழி? அதைவிட, இப்படி ஒரு பொய்யை ஒருத்தி பதினாறு வருடம் சுமந்த லட்சணத்தை அவள் இப்போதுதானே கண்ணெதிரே பார்த்தாள்.

“இல்லைக்கா. அவங்க சரியாத்தான் எடுத்துக்கிட்டாங்க. எல்லாம் விவரமா சொல்லித்தான் கேட்டாங்க. நான் வேணும்னுதான் சொன்னேன்.”

அக்கா விரலில் சுற்றியிருந்த டேப்பை அவிழ்த்துக் கட்டிலில் போட்டாள்.

அக்கா கையை நீட்டினாள். சின்னவள் போனைக் கொடுத்தாள். கடைசியாக வந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அக்கா தன் பெயரைச் சொன்னாள்.

“அய்யோ மேடம், உங்க வீட்டுல வரலைன்னு ரெண்டு தடவை சொன்னாங்களே! பன்னிரண்டு அஞ்சுக்கு அடுத்தவங்களைக் கூப்பிட்டேன், அவங்க சரின்னுட்டாங்க. ஆர்டரும் டைப் ஆயிடுச்சு.” அந்தக் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. “திங்கட்கிழமை காலையில செயலாளரம்மா வருவாங்க. வேணும்னா நேர்ல வந்து கேட்டுப் பாருங்க. நான் எதுவும் சொல்றதுக்கில்லை.”

அக்கா போனைக் கட்டிலில் வைத்தாள்.

அவள் கத்துவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். கத்தட்டும் என்றுகூட இருந்தது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், பதினாறு வருடத்தைக் கொட்டலாம், இரண்டு பேரும் சமமாகிவிடலாம். வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்கிற தேதி சொல்லியாயிற்று. வாலுவின் மாற்றுச் சான்றிதழ் மேஜை மேல் இருக்கிறது. புருஷனுக்கு இங்கே திரும்பி வர வேலை இல்லை. பதினேழாம் தேதி சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. இதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்துகொண்டிருந்தது.

அக்கா கத்தவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, பேனாவால் எழுதியிருந்த உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு தங்கையை நிமிர்ந்து பார்த்தபோது அந்த முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

“இப்ப நீ எப்படிடி போவே?” என்றாள்.